அடுக்களை எரிவாயு ஆலையாகலாமா?

பெரிய எரிவாயு சிலிண்டரிலிருந்து சிறிய சிலிண்டருக்கு வீட்டிலேயே வாயுவை மாற்றிக்கொள்ளலாமா? பக்குவமாகச் செய்தால் அதிற் பாதகம் உண்டா? திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் இவ்வினா இன்று சாதாரணமாகிவிட்டது. கேட்பவர்கள் விளையாட்டுப் புத்தியினர் அல்லர். தம்பலகாமத்து வயலில் வாடி அமைத்துக் காவலிருக்கும் கமக்காரர் கேட்கின்றார். கொட்பேயிலிருந்து பலநாட் கலத்திற் கடலேறும் மீனவர் கேட்கின்றார். நகரத்தில் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் கேட்கின்றனர். 12.5 கிலோ சிலிண்டர் இவர்கள் தூக்கித் திரியக்கூடிய பொருளன்று. அதன் முழு விலையையும் ஒரே நாளிற் கொடுப்பது பலருக்கு இயலாத காரியம்.

கூடாது என்பதே நமது விடை. எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் கூடாது. ஆனால், கூடாது என்று ஒரு சொல்லைக் கூறிவிட்டு ஒதுங்கிக்கொள்வது பொறுப்புள்ள பத்திரிகைக்கு அழகன்று. ஏன் கூடாது என்பதை மக்களுக்கு விளக்க வேண்டும். கூடாத காரியத்தை மக்கள் ஏன் நாடுகின்றார்கள் என்பதை ஆட்சியாளர்களுக்கும் கம்பனிகளுக்கும் எடுத்துரைக்க வேண்டும். இரண்டாவது கடமையை எவரும் செய்வதில்லை. விபத்து நேர்ந்த மறுநாள் மக்களின் அறியாமையைப் பழிப்பதோடு எல்லாரும் கலைந்துவிடுகின்றனர்.

வாயுவின் இயல்பு

சமையல் எரிவாயு என்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தத்தினால் திரவமாக்கப்பட்டுச் சிலிண்டருக்குள் அது அடைக்கப்பட்டிருக்கின்றது. வெளியே வந்தால் அத்திரவம் ஏறத்தாழ 250 மடங்கு விரிந்து வாயுவாகின்றது. காற்றைவிடப் புரொப்பேன் ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரண்டு மடங்கும் பாரமானவை. ஆதலால் கசிந்த வாயு புகையைப்போல் மேலெழுந்து மறைவதில்லை. தண்ணீரைப்போல் நிலத்தோடு ஊர்ந்து, மூலைகளிலும் பள்ளங்களிலும் தேங்கி நிற்கின்றது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே அது தீப்பற்றக்கூடியது. 10 அடி நீளமும் 10 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள ஓர் அடுக்களையை வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ ஒரு கிலோ வாயு போதும். ஒரு மின்விளக்கின் ஆளியை அழுத்தும்போது எழும் சிறு பொறி எஞ்சிய வேலையைச் செய்துவிடும்.

இத்தகைய பொருளை நிரப்பும் ஆலையில் நடப்பது என்ன? வெற்றுச் சிலிண்டர் முதலிற் பரிசோதிக்கப்படுகின்றது. துருவேறியதும் நசுங்கியதும் விலக்கப்படுகின்றன. குறித்த கால இடைவெளியில் ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தச் சோதனைக்கு உள்ளாகின்றது. வெற்று நிறை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றது. தராசில் ஏற்றி, நிறை பார்த்தே நிரப்புகின்றார்கள். நிரப்பிய பின் வால்வு கசிகின்றதா என்று பார்த்து முத்திரையிடுகின்றார்கள். முழுச் சிலிண்டர் என்று நாம் வாங்குவதில்கூட முழுவதும் திரவம் இருப்பதில்லை. கொள்ளளவில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 முதல் 85 பங்குதான் திரவம். எஞ்சியது ஆவிக்கென விடப்படும் வெளி.

அந்த வெளி வீணானதன்று. வெப்பம் 10 பாகை ஏறினால் இத்திரவம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு விரிகின்றது. விரிவதற்கு இடம் இருக்கும்வரை அபாயமில்லை. இடம் இல்லையேல், திரவம் ஒடுங்காது. சிலிண்டர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். தராசின்றிக் கைமதிப்பாக விளிம்புவரை நிரப்பப்பட்ட சிறு சிலிண்டர் விடியற்காலையின் குளிர்ச்சியில் ஒன்றும் செய்யாது. அதனையே வயல் வரம்பில் நடுப்பகல் வெயிலில் வைத்துவிட்டால் நிலைமை வேறு. கலத்தின் மேற்றட்டிலும் அவ்வாறே. நிரப்பியவர் அப்போது பக்கத்தில் இருப்பதில்லை. அடுப்பை மூட்டும் வேறொருவரே அகப்பட்டுக்கொள்கின்றார்.

இன்னொன்று. அடுப்புக்குச் செல்லும் வாயு றெகுலேற்றரின் ஊடாக அழுத்தம் தணிந்தே செல்கின்றது. சிலிண்டரிலிருந்து சிலிண்டருக்கு மாற்றுபவர் அந்தக் காவலை நீக்கிவிட்டு, முழு அழுத்தத்தோடு திரவத்தையே குழாயிற் செலுத்துகின்றார். அதற்கென ஆக்கப்படாத குழாயும், ஒட்டுப்போட்ட மூட்டும் அவ்வழுத்தத்தை எத்தனை தடவை தாங்கும் என்பதை அளந்து கூற எவராலும் முடியாது. கையிற்பட்ட திரவம் கடுங்குளிரினால் தசையைக் கருக்கிவிடும். ஒவ்வொரு மாற்றத்திலும் சிறிது வாயு வெளியேறியே தீரும். அது நிலத்திற் படர்ந்து ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

கவனம் இருந்தால் போதாதா?

கவனமாகச் செய்பவனுக்கு இவையெல்லாம் நேரா என்று கூறுவாரும் உளர். அவர்கள் 2021 ஆம் ஆண்டின் இறுதியை நினைவிற் கொள்வார்களாக. அவ்வாண்டு நவம்பரிலும் டிசம்பரிலும் இந்நாட்டின் பல பாகங்களிலும் வீடுகளில் அடுப்புகளும் குழாய்களும் றெகுலேற்றர்களும் வெடித்தன. நூற்றுக்கணக்கான சம்பவங்கள் முறையிடப்பட்டன, உயிர்களும் பறிபோயின. அவ்வீடுகளிற் பலவற்றில் எவரும் எதையும் மாற்றி நிரப்பவில்லை. முத்திரையிட்ட சிலிண்டரைக் கடையில் வாங்கி, காலமெல்லாம் செய்ததுபோல் அடுப்பை மூட்டியவர்களே அவர்கள்.

அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ ஒரு குழுவை நியமித்தார். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொல அதற்குத் தலைமை தாங்கினார். வாயுக்களின் கலவை விகிதம் மாற்றப்பட்டதே விபத்துகளுக்கு முதன்மையான காரணம் என்று அக்குழு கூறிற்று. புரொப்பேனின் பங்கு கூடியிருந்தது. அதன் பொருள் யாது? 40 பாகை வெப்பத்தில் புரொப்பேனின் ஆவியழுத்தம் பியூட்டேனுடையதைப்போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. கலவையில் அதன் பங்கு ஏற ஏறச் சிலிண்டருக்குள் அழுத்தமும் ஏறும். அப்போது முதலிற் சோதனைக்குள்ளாவன பழைய குழாயும் தேய்ந்த றெகுலேற்றரும் அடுப்புமே. நூற்றுக்கு 30 பங்குக்குமேல் புரொப்பேன் இருத்தலாகாது என்னும் வரம்பை இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் அதன் பின்னரே வகுத்தது. கசிவை மூக்குக்கு அறிவிப்பதற்காகச் சேர்க்கப்படும் எதைல் மேர்கப்டன் என்னும் மணப்பொருள் போதாதென்று, அதே டிசம்பரில் வந்த ஒரு கப்பலின் வாயுவை இறக்கவேண்டாமெனப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை தடுத்ததும் நினைவிருக்கலாம்.

இவற்றிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. சிலிண்டருக்குள் என்ன இருக்கின்றது என்பது அதனை வாங்குபவருக்குத் தெரியாது. பார்த்தும் அறிய முடியாது. முகர்ந்தும் நம்ப முடியாது. அறியாத பொருளைக் கவனமாகக் கையாளுதல் எங்ஙனம்? 2021 இல் கம்பனியும் அரசும் தம் கடமையிற் சோர்ந்தபோது, கவனமாக இருந்த குடும்பத்தலைவிகளே காயமுற்றார்கள். அப்படியிருக்க, ஆலையின் பரிசோதனைகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, முற்றத்தில் ஒரு குழாயை வைத்துக்கொண்டு, கவனம் காப்பாற்றும் என்று நம்புவது பேதைமை.

விலையா, வழியின்மையா?

இனி இரண்டாவது கடமைக்கு வருவோம். மக்கள் ஏன் இதை நாடுகின்றார்கள்? மலிவுக்காக என்று பலர் எளிதிற் கூறிவிடுகின்றனர். கணக்கைப் பார்ப்போம். 2024 ஜூலையில் லிற்றோ நிறுவனம் கொழும்புக்கென விதித்த விலை 12.5 கிலோவுக்கு 3,690 ரூபா, 5 கிலோவுக்கு 1,482 ரூபா, 2.3 கிலோவுக்கு 694 ரூபா. பெரியதில் ஒரு கிலோ ஏறத்தாழ 295 ரூபா. மிகச் சிறியதில் ஏறத்தாழ 302 ரூபா. 2.3 கிலோ சிலிண்டர் ஒன்றை வீட்டில் நிரப்பி ஒருவர் மிச்சம் பிடிக்கும் தொகை 15 ரூபா! கசிந்து போகும் வாயுவைக் கழித்தால் அதுவும் மிஞ்சாது. பதினைந்து ரூபாவுக்காக வீட்டையும் பிள்ளைகளையும் பணயம் வைக்கும் அளவுக்கு நம் மக்கள் மதியிழந்தவர்கள் என்று நாம் நம்பவில்லை.

உண்மைக் காரணம் வேறு. கம்பனியின் விலைப்பட்டியலில் இருக்கும் சிறு சிலிண்டர், வேண்டிய நேரத்தில் வேண்டிய ஊரில் இருப்பதில்லை. நகரத்து முகவரிடம் பெரியது கிடைக்கும்; குச்சவெளியிலும் ஈச்சிலம்பற்றிலும் உள்ளவர் சிறியதை மாற்றிக்கொள்ள எத்தனை மைல் செல்லவேண்டும்? பஸ் கூலியும் இழந்த நாட்கூலியும் அந்தப் பதினைந்து ரூபாவைப் பன்மடங்கு விழுங்கிவிடும். வீட்டிற் பெரிய சிலிண்டர் நிற்கின்றது. வாடிக்குச் சிறியது வேண்டியிருக்கின்றது. பக்கத்துக் கடையில் ஒருவர் மாற்றித் தருகின்றார். அபாயம் பிறக்கும் வழி இதுவே.

பஞ்சகாலம் இப்பழக்கத்துக்கு உரமிட்டது. 2021 ஒக்டோபரில் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் 1,493 ரூபாவாக இருந்த பெரிய சிலிண்டர் ஒரே தாவலில் 2,750 ரூபாவாயிற்று. 2022 ஏப்ரல் இறுதியில் அது 4,860 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்காமல், வெற்றுச் சிலிண்டர்களை வரிசையில் வைத்துவிட்டு மக்கள் இரவு பகலாகக் காத்திருந்தார்கள். முழுச் சிலிண்டர் வாங்க இயலாதவர் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று பங்கிட்டுக்கொள்ள முற்படுவது அத்தகைய காலத்தில் வியப்பாகாது. பஞ்சம் தணிந்தது, பஞ்சத்திற் கற்ற பழக்கம் தணியவில்லை.

இதற்கு ஒப்பான ஒரு துயரத்தை நமது மாவட்டமே கண்டிருக்கின்றது. 2021 நவம்பர் 23 ஆந் திகதி, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் மாண்டார்கள். அங்கே பாலவேலை முடியாதிருந்தது. அந்த மிதவையில் ஏறியவர்கள் அபாயத்தை விரும்பியவர்களா? அக்கரைக்குப் போகவேண்டியவர்கள், வேறு நல்ல வழி இல்லாதவர்கள். பாலத்தை முடிக்காதவர்கள் மிதவையிலேறியவர்களைக் குறை கூறலாமா? சிறு சிலிண்டரைக் கிராமத்துக்குக் கொண்டுவராதவர்கள் வீட்டில் நிரப்புபவரை மட்டும் குறை கூறுவதும் அத்தகையதே.

சட்டம் யாரைத் தேடவேண்டும்?

சட்டத்தின் நிலையையும் கூறவேண்டும். கவனயீனமான செயலால் பிறர் மரணத்தை விளைவிப்பவர் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுவரை சிறை செல்ல நேரலாம். அயலவர் வீடு எரிந்தால் நட்டஈட்டு வழக்கும் தொடரும். இதனிலும் முக்கியமான ஒன்றை நம்மவர் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. முத்திரை உடைபடாத சிலிண்டர் வெடித்தால் கம்பனி பதில் கூறியாக வேண்டும். வீட்டில் மாற்றி நிரப்பிய சிலிண்டர் வெடித்தால், அது எமது பொருளன்று என்று கம்பனி கைகழுவிவிடும். நீதிமன்றத்தில் அவ்வாதத்தை முறியடிப்பது மிகக் கடினம். ஆக, வீட்டில் நிரப்புபவர் தமது உயிர்க்காவலோடு சட்டக்காவலையும் ஒருங்கே இழக்கின்றார்.

ஆயினும், ஏழைக் குடும்பங்களின் வாசலில் பொலிசாரை நிறுத்துவதால் இது தீராது. தன் தேவைக்கு ஒரு தடவை மாற்றியவரும், கடைக்குப் பின்னால் நாள்தோறும் நிரப்பிப் பணம் திரட்டுபவரும் ஒரு தன்மையினர் அல்லர். முதல்வருக்குத் தேவை அறிவும் வழியும். இரண்டாமவர் மீதே சட்டம் பாயவேண்டும். அதுவும் காலத்தோடு பாயவேண்டும். கென்யாவின் தலைநகரான நைரோபியில், எம்பக்காசி என்னும் பகுதியில், 2024 பெப்ரவரி முதல் நாள் இரவு எரிவாயு ஏற்றிய வாகனம் ஒன்று வெடித்தது. உயிர்ச்சேதத்தோடு, காயமுற்றோர் தொகை 280 வரை சென்றது. அவ்விடத்தில் நிரப்பு நிலையம் அமைக்கக் கேட்ட அனுமதியை அந்நாட்டு அதிகாரசபை 2023 இல் மும்முறை மறுத்திருந்தது. மறுத்த காகிதம் கோப்பில் இருந்தது; வேலை வீதியில் நடந்துகொண்டிருந்தது. காகிதத்தில் உறங்கும் சட்டம் எவரையும் காப்பதில்லை.

வழி கண்ட நாடுகளும் உள. கானா நாட்டின் தலைநகர் அக்ராவில், 2017 ஒக்டோபர் 7 ஆந் திகதி, எரிவாயு நிலையம் ஒன்று வெடித்து ஏழுபேர் இறந்தார்கள். அங்கே மக்கள் சொந்தச் சிலிண்டரைக் கொண்டுசென்று வீதியோர நிலையங்களில் நிரப்புவது வழக்கமாயிருந்தது. அம்மாதமே அந்நாட்டு அரசு கொள்கையை மாற்றத் தீர்மானித்தது: குடியிருப்புகளுக்கு அப்பால் உள்ள ஆலைகளில் மட்டுமே நிரப்புதல், மக்கள் வெற்றுச் சிலிண்டரைக் கொடுத்து நிரப்பியதைப் பெறுதல். இந்தியாவில் 2013 ஒக்டோபரில் 5 கிலோ சிலிண்டரைத் தாராளமாக விற்கும் திட்டம் தொடங்கியது. வேலை தேடி ஊர்விட்டு ஊர் வந்தவரிடம் முகவரிச் சான்று கேட்டு அலைக்கழிக்காமல், பெற்றோல் நிலையங்களிலும் சிறு கடைகளிலும் அதனை விற்றார்கள். 2020 டிசம்பரில் இந்தியன் ஒயில் நிறுவனம் அதற்குச் ‘சோட்டு’ என்று செல்லப்பெயரும் இட்டது. களவாக நிரப்புதல் அங்கே அடியோடு ஒழிந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. ஆனால், மக்களை வழிமறிப்பதோடு நில்லாமல் மாற்றுவழியும் திறந்தார்கள்.

தாங்கிகளின் நிழலில்

இவ்வினா திருகோணமலையில் எழுவது ஒரு விந்தை. சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. பிரித்தானியர் தமது கடற்படைக்காக அமைத்தவை. 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சைக் கண்டவை. 1987 இல் இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இவை இடம்பெற்றன. 2022 ஜனவரி 6 ஆந் திகதி கைச்சாத்தான ஒப்பந்தங்களின்படி 14 தாங்கிகள் இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இவ்விரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும் பகிரப்பட்டன. 2025 ஏப்ரல் 5 ஆந் திகதி, திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கென இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டன.

அத்தாங்கிகள் எண்ணெய்க்கானவை என்பதையும், எரிவாயுவுக்கு அழுத்தம் தாங்கும் வேறு கலங்கள் வேண்டும் என்பதையும் நாம் அறிவோம். நமது கேள்வி வேறு. உலகத்தார் கூடி எரிசக்தி மையம் என்று பெயர் சூட்டும் ஒரு துறைமுக மாவட்டத்தில், ஒரு விவசாயி 2.3 கிலோ வாயுவை முறையாகப் பெற முடியாதிருப்பது என்ன நியாயம்? நாட்டுக்கு வரும் எரிவாயு மேற்கே கெரவலப்பிட்டியிலும் தெற்கே அம்பாந்தோட்டையிலும் இறங்குகின்றது. அங்கிருந்து லொறியில் நம்மிடம் வருகின்றது. பெரிய திட்டங்களின் பட்டியலில் இம்மாவட்டத்து மக்களின் அடுப்புக்கும் ஒரு வரி எழுதப்படவேண்டும்.

நாம் கேட்பவை

நமது கோரிக்கைகள் மிகையானவை அல்ல. முதலாவது, 5 கிலோ, 2.3 கிலோ சிலிண்டர்கள் ஒவ்வொரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்திலும், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலும் கிடைக்கவேண்டும். கிராமத்துக்குக் கிராமம் கட்டடமும் கணக்குப்புத்தகமும் உள்ள இச்சங்கங்களைவிடத் தகுந்த வாயில் வேறில்லை. இரண்டாவது, விற்குமிடத்தில் தராசு இருக்கவேண்டும்; வாங்குபவர் கண்முன்னே நிறுத்துக் கொடுக்கவேண்டும். மூன்றாவது, கலவை விகிதம், வெற்று நிறை, அடுத்த சோதனைக் காலம் ஆகியவையும் எச்சரிக்கையும் தெளிவான தமிழிலும் சிங்களத்திலும் சிலிண்டரின் மேல் பொறிக்கப்படவேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொருள்களிற் குறிக்கவேண்டியவை பற்றிப் பணிப்பு விடுக்கும் அதிகாரத்தை 10 ஆம் பிரிவில் அதிகாரசபைக்கு வழங்கியிருக்கின்றது. புதுச்சட்டம் தேவையில்லை, இருக்கும் சட்டத்தைக் கையிலெடுக்க மனம் தேவை. நான்காவது, பழைய, ஊர்பேரற்ற சிறு சிலிண்டர்களை வைத்திருப்பவர்கள் தண்டனைப் பயமின்றி ஒப்படைத்துச் சலுகை விலையில் நல்லவற்றைப் பெற ஒரு தவணை அளிக்கவேண்டும். அத்தவணையின் பின்னரும் கடை வைத்து நிரப்புபவரை நீதிமன்றத்தில் நிறுத்தவேண்டும்.

இவை நிறைவேறும்வரை மக்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளவேண்டும். எந்தச் சிலிண்டரையும் வீட்டில் நிரப்பாதீர்கள். பிறர் நிரப்பியதையும் வாங்காதீர்கள். முத்திரையும் நிறையும் பார்த்து வாங்குங்கள். சிலிண்டரை நிமிர்த்தி, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். மூட்டுகளிற் சவர்க்கார நீரைத் தடவிப் பாருங்கள். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. நெருப்பைக் கொளுத்திச் சோதிக்கவே கூடாது. வெடிப்புக் கண்ட குழாயை அன்றே மாற்றுங்கள். வாயு மணம் வந்தால் வால்வை மூடி, கதவு யன்னல்களைத் திறந்து, எல்லாரும் வெளியேறுங்கள். எந்த மின்னாளியையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்.

கமக்காரர் அமைப்புகளும், சங்கங்களின் நிருவாகிகளும், ஆசிரியர்களும், சட்டத்தரணிகளும் இதனைத் தம் கூட்டங்களில் எடுத்துக்கொள்ளவேண்டும். தமது ஊரில் சிறு சிலிண்டர் கிடைக்கின்றதா, எத்தனை மைலுக்கு அப்பால் கிடைக்கின்றது என்பதை எழுதி, பிரதேச செயலாளருக்கும் அதிகாரசபைக்கும் கையொப்பமிட்டு அனுப்பவேண்டும். ஊர் ஊராகச் சேரும் அக்கணக்கை எந்த அலுவலகமும் நெடுநாள் புறந்தள்ள முடியாது. வாயுவை நிரப்புவது ஆலையின் வேலை; அதனைக் கண்காணிப்பது அரசின் வேலை. அவ்விருவரின் வேலையையும் நம் வீட்டுப் பெண்களின் தலையில் சுமத்துவதை இனியும் பொறுத்திருக்கலாகாது.